மூன்று விரல் வெயில்

என்னோடு ஒரே வருஷத்தில் பால்பல் விழுந்து, இப்போது ஒரே வருஷத்தில் கடைவாய்ப் பல்லும் ஆடிக்கொண்டிருக்கிறவர்களுக்கு இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்குப் புரியாது என்பதில்லை, அவர்களுக்கு அவசரம் அதிகம். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் உலை கொதித்துவிடும். கொதிக்கட்டும். இதை நான் முடிக்காமல் விடுவதாக இல்லை.

விருத்தாசலத்தில் அப்போது எந்தப் பக்கம் திரும்பினாலும் பீங்கான் பட்டறைதான். எங்கள் அம்மா வேலை பார்த்த பட்டறையில் ஊறுகாய் ஜாடியும் பியூஸ் கட்டையும் செய்தார்கள். உடைந்த பியூஸ் கட்டைகள்தான் எங்களுக்குச் சொப்புச் சாமான். ஈர அச்சின் வாசனை உங்களுக்கு நினைவிருக்கிறதா? மழை பெய்த சுண்ணாம்புச் சுவர் மாதிரி ஒரு குளிர்ந்த வாசனை. அச்சில் காய்ந்த மண்ணைச் சுரண்டித் தின்றுவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவோம். தின்னவில்லை என்று சத்தியம் செய்வோம். நாக்கு வெள்ளையாக இருக்கும்.

அம்மாவின் வேலை மணி அடிப்பது. பட்டறை முற்றத்து வேப்பமரத்தில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும். ரயில் ஊர் இல்லையா, எங்களுக்கு மணி என்றால் அதுதான். காலை எட்டு, நடுப்பகல் பன்னிரண்டு, ஒன்று, சாயங்காலம் ஐந்து. நான்கு தடவையும் அம்மா இரும்புக் கம்பியால் அடித்தால்தான் இருநூறு கைகள் மண்ணில் இறங்கும், மண்ணை விட்டு எழும். நடுவில் கூட்டுவாள், தண்ணீர் எடுத்து வைப்பாள். ஆனால் யாராவது என்ன வேலை என்று கேட்டால், "மணி அடிக்கிறேன்" என்பாள். கூட்டுகிறேன் என்று சொல்லமாட்டாள். அப்பா இல்லாத வீட்டில் அந்தக் கம்பிதான் எங்களுக்கு ஆண்பிள்ளை.

அந்தப் பங்குனியில் முதலாளி ஒரு கடிகாரம் கொண்டுவந்தார். அவர் இருந்தது மெட்ராஸில். மாதம் ஒரு தடவை ரயிலில் வந்து போவார். அவருடைய அப்பா ஊட்டியில் வாழ்ந்து இறந்துபோனவர். அங்கிருந்த பங்களாவை விற்றுவிட்டு, அந்தக் கடிகாரத்தை மட்டும் ஜமுக்காளத்தில் சுற்றி, பிள்ளையைப் போல அணைத்துப் பிடித்துக்கொண்டு வந்து இறங்கினார். என் உயரத்துக்கு ஒரு மரப்பெட்டி. முன்னால் பூட்டுப் போட்ட கண்ணாடிக் கதவு. உள்ளே மரக்கம்பின் நுனியில் ஒரு பித்தளைக் குண்டு இப்படியும் அப்படியும் ஆடும். குண்டுக்குக் கீழே ஒரு திருகு. அந்தத் திருகின் மேல் சிவப்பு அரக்கு வைத்து முத்திரை குத்தியிருந்தது.

"எங்கப்பா கையால வச்ச அரக்கு," என்று எல்லோரையும் நிற்கவைத்துச் சொன்னார். "இருபது வருஷம் ஊட்டியில இருந்துச்சு. ஒரு நிமிஷம் பிசகினதில்ல. இதத் தொட்டவன் கை இருக்காது."

தம் கைக்கடிகாரத்தைப் பார்த்து முள்ளை வைத்தார். கதவைப் பூட்டிச் சாவியை மேஸ்திரியிடம் கொடுத்தார். திங்கட்கிழமைதோறும் மேஸ்திரி கதவைத் திறந்து கடிகாரத்துக்குச் சாவி முறுக்கவேண்டும், முள்ளைத் தொடக்கூடாது. அம்மா கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்து மணி அடிக்கவேண்டும்.

அடுத்த மாதம் அவர் வாசலில் வந்து இறங்கியபோது ஆட்கள் கைகால் கழுவிக்கொண்டு வெளியே வந்துகொண்டிருந்தார்கள்.

"மணி என்னம்மா?" என்றார் அம்மாவைப் பார்த்து.

"அஞ்சு அடிச்சாச்சுங்க."

"என் வாட்சுல நாலு அம்பத்தஞ்சு."

அம்மா உள்ளே ஆபீஸ் அறையில் இருந்த கடிகாரத்தைக் காட்டினாள். அது ஐந்தைத் தாண்டி ஐந்து நிமிஷம் காட்டியது. முதலாளி குனிந்து அரக்கைப் பார்த்தார். அப்படியே இருந்தது. நிமிர்ந்து மேஸ்திரியைப் பார்த்தார்.

மேஸ்திரிக்கு வியர்த்துவிட்டது. "சாவி என் இடுப்ப விட்டு எறங்குனதில்லீங்கய்யா. கட்டிக்கிட்டேதான் படுக்குறேன். பூட்டு சின்னப் பூட்டு. பொம்பள கொண்டையில ஊசி இருக்குது. அதுக்கு நான் என்ன பண்ணட்டும்?"

அவர் கெட்ட மனிதர் இல்லை. பயந்த மனிதர். பழி அம்மா மேல் விழாவிட்டால் அவர் மேல் விழும், அவ்வளவுதான் கணக்கு. இது எனக்கு இப்போது தெரிகிறது. அப்போது அவருடைய வெற்றிலைப் பெட்டியில் மண்ணைக் கொட்டவேண்டும் என்றுதான் தோன்றியது.

"எல்லாரும் சீக்கிரம் வூட்டுக்குப் போகணும், உனக்கு நல்ல பேரு வரணும், அதானே?" என்றார் முதலாளி. கதவைத் திறக்கச் சொல்லி, முள்ளைத் தம் வாட்சுக்குச் சரியாக வைத்தார். "அடுத்த மாசம் வருவேன். அப்பவும் இப்படி இருந்தா நீ வேற எடம் பாத்துக்க."

அம்மா கொண்டையிலிருந்து ஊசியை உருவினாள். முடி முதுகில் சரிந்தது. அத்தனை பேர் பார்க்க அந்த ஊசியை முதலாளியின் மேஜை மேல் வைத்தாள்.

"இந்தாங்க. நீங்களே வச்சிக்குங்க."

முடியை முடியாலேயே முடிச்சுப் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள்.

மறுநாள் ஒரு காரியம் நடந்தது. எங்கள் வீட்டில் துணி வைக்கிற தகரப் பெட்டிக்குச் சாவி தொலைந்து பல காலம். அம்மா கொண்டை ஊசியை விட்டு ஒரு திருப்புத் திருப்பினால் திறந்துகொள்ளும். அன்று ஊசி இல்லை. அம்மா அம்மிக் குழவியைத் தூக்கிப் பூட்டின் மேல் போட்டாள். பூட்டு தெறித்தது. நான் பார்த்துக்கொண்டு நின்றேன். இந்தப் பூட்டை ஊசியால் திறந்தவளுக்கு அந்தப் பூட்டு எம்மாத்திரம் என்று எனக்குள் ஒன்று வந்து உட்கார்ந்தது. உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது. ஊரே சந்தேகப்பட்டபோது நானும் சந்தேகப்பட்டேன்.

வேலை போனால் திட்டக்குடியில் மாமன் வீட்டுக்குப் போய், அத்தை போடுகிற சோற்றுக்குக் கை நீட்டவேண்டும். அதைவிட, எனக்கு என் அம்மா யார் என்று தெரியவேண்டியிருந்தது. பள்ளிக்கூடம் லீவு விட்டாகிவிட்டது. தெரிந்துகொண்டே தீருவது என்று முடிவு செய்தேன்.

முதலில் குண்டைப் பிடித்தேன். கடிகாரத்தின் குண்டை அல்ல, என் குண்டை. களிமண்ணை உருட்டி நூலில் கட்டி, அச்சுக் கொட்டகை விட்டத்தில் தொங்கவிட்டு ஆட்டினேன். எலுமிச்சங்காய் அளவு ஒன்று, தேங்காய் அளவு ஒன்று. பெரியது மெதுவாக ஆடும் என்று நினைத்தேன். இல்லை, நூல் ஒரே நீளமாக இருந்தால் இரண்டும் ஜோடி போட்டு ஆடின. நூலைக் குட்டையாக்கினால் வேகம், நீட்டினால் நிதானம். அச்சில் களிமண் குழம்பு ஊற்றுகிற அக்காக்கள் சிரித்தார்கள். "ஏண்டி, களிமண்ணுக்குத் தாலாட்டா?"

மேஸ்திரியிடம் போய்ச் சொன்னேன். "குண்டக் கொஞ்சம் கீழ எறக்குனா மெதுவா ஓடும் மாமா."

"அது எனக்குத் தெரியாதா? திருகத் திருப்புனா எறங்கும். அரக்கு வச்சிருக்குதே. ஊட்டியில இருபது வருஷம் சரியா ஓடுனது இங்க வந்து மட்டும் எப்படிக் கெட்டுப்போவும்? கடியாரம் அதேதான். குண்டு அதேதான். மாறுனது ஆளுதான்."

யாருக்கும் அதற்கு மேல் யோசனை போகவில்லை. கடிகாரம் சரி, ஆள் தப்பு.

எனக்கு வேறொரு கடிகாரம் வேண்டும். கைக்கடிகாரம் எங்கள் தெருவில் யாரிடமும் கிடையாது. ரயிலை நம்பமுடியாது, அது வருகிற நேரம் அதற்கே தெரியாது. மூட்டை கட்டுகிற கொட்டகையில் வைக்கோல் மேல் மல்லாந்து படுத்திருந்தபோது கிடைத்தது. மூன்று ஆள் உயரக் கூரை. இரண்டு ஓட்டு வரிசைக்கு நடுவில் வடக்கு தெற்காக ஒரு நீள இடுக்கு. அது வழியாக வெயில் ஒரு கீற்றாகத் தரையில் விழும். மூன்று விரல் அகலம். மேற்கேயிருந்து கிழக்கே தரையில் ஊர்ந்து போகும். கொட்டகைச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் கடிகாரம். பன்னிரண்டு அடிக்கும்போது கீற்று எங்கே இருக்கிறதோ அங்கே ஒரு கோடு போட்டால்? கடிகாரம் ஒழுங்காக ஓடினால் தினமும் ஒரே இடம். முந்தி ஓடினால் கீற்று வந்து சேர்வதற்குள் மணி அடித்துவிடும். கோடு மேற்கே தள்ளிப் போகும்.

மண்ணில் பிறந்தவள் என்ன செய்வாள்? களிமண்ணைப் பலகையாகத் தட்டித் தரையில் வைத்தேன். ஒரு வாரம் தினமும் பன்னிரண்டு மணியின் முதல் அடிக்குக் கீற்றின் மேற்கு விளிம்பில் ஈர்க்குச்சியால் கோடு இழுத்தேன். கோடுகள் நகர்ந்தன! மேஸ்திரியைக் கையைப் பிடித்து இழுத்துவந்து காட்டினேன்.

அவர் காலால் பலகையைத் தட்டினார். சித்திரை வெயிலில் காய்ந்து, ஓரம் மடங்கி, நடுவில் வெடித்திருந்தது.

"பச்ச மண்ணுலயா கோடு போட்ட? காயக் காயச் சுருங்குமேடி. இதுல நகந்தது கோடா, மண்ணா?"

எனக்கு முகம் சுட்டுவிட்டது. ஜாடிக்கு அச்சு செய்யும்போதே சுருங்குகிற அளவைச் சேர்த்துப் பெரிதாகச் செய்கிற பட்டறையில் வளர்ந்தவள். மண் சுருங்கும் என்று நடக்கத் தெரிவதற்கு முன்பே தெரிந்தவள். ஏழு நாள் போயிற்று. அழவில்லை. சூளைப் பக்கம் போய், சுட்டு முடித்துக் கழித்துப் போட்டிருந்த தளஓடு ஒன்றைத் தூக்கிவந்தேன். சுட்டது சுருங்காது. தரையில் குழைத்த மண் வைத்து அதைப் பதித்தேன்.

ஆனால் இன்னொரு ஓட்டை இருந்தது. கோடு நகர்ந்தால் மணி முந்துகிறது என்று தெரியும். முந்தச் செய்வது யார் என்று தெரியாதே. மறுபடியும் மேஸ்திரியிடம் போனேன். பெட்டிகளை ஒட்டுகிற பசைக் காகிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போனேன்.

"திங்கக்கெழம சாவி குடுத்துட்டு, கதவுக்கும் பெட்டிக்கும் சேத்து இத ஒட்டுங்க மாமா. மேல உங்க கையெழுத்தப் போடுங்க."

"போடி வேலயப் பாத்துக்கிட்டு."

"எங்கம்மா போயிட்டு, அதுக்கப்புறமும் கடியாரம் முந்துச்சுன்னா மொதலாளி யாரக் கேப்பாரு? சாவி யாருகிட்ட இருக்குது?"

வெற்றிலை மெல்லுவது நின்றது. என்னை மேலும் கீழும் பார்த்தார். "இது பத்து வயசுப் புள்ள பேசுற பேச்சா?" என்றார். வைகாசி பிறந்த அந்தத் திங்கட்கிழமை காகிதத்தை ஒட்டினார். மேலே பெரிதாகக் கையெழுத்துப் போட்டார்.

அந்த ஏழு நாளும் நான் அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. அவளும் கேட்கவில்லை. கூட்டிக்கொண்டே கொட்டகை வாசலைக் கடப்பாள். அடுப்புக்கரியோடு நான் தரையில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பாள், போவாள். நான்காம் நாள் பதினொன்றரைக்கு மேகம் மூடியது. கீற்று அணைந்துவிட்டது. பன்னிரண்டு அடித்தது. கோடு இல்லை. ஐந்தாம் நாளும் அப்படியே. வானத்தைப் பார்த்துக் கெட்ட வார்த்தை சொன்னது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். ஆறாம் நாள் வெயில் வந்தது. அடுத்த திங்கட்கிழமை பன்னிரண்டு அடித்தபோது கோடு இழுத்துவிட்டு, முதல் கோட்டிலிருந்து விரல் வைத்து அளந்தேன். மூன்று விரல். ஒரு கீற்று அகலம் முழுதாக மேற்கே வந்திருந்தது.

ஓடிப்போய்க் கடிகாரத்தைப் பார்த்தேன். காகிதம் ஒட்டியபடி இருந்தது. கையெழுத்துக் கலையவில்லை. உள்ளே குண்டு தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. யாரும் தொடவில்லை. அதுவேதான் ஓடுகிறது.

மாதக் கடைசியில் முதலாளி வந்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். மறுபடியும் பத்து நிமிஷம். அம்மா கைகட்டவில்லை, நேராக நின்றாள். மேஸ்திரி தரையைப் பார்த்தார். நான் தரையிலிருந்து தளஓட்டைப் பெயர்த்துத் தலையில் வைத்துக்கொண்டு உள்ளே போனேன்.

"என்னது இது கிறுக்கல்?"

சொன்னேன். மூச்சு விடாமல் சொன்னேன். வெயில், இடுக்கு, கரி, காகிதம் எல்லாம். முதலாளி என்னைப் பார்க்கவில்லை, மேஸ்திரியைப் பார்த்தார்.

"ஏழு நாள் கதவத் தொறக்கலயா?"

மேஸ்திரி தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்தார். நான் அவர் வாயையே பார்த்தேன்.

"தொறக்கலீங்கய்யா. கையெழுத்து என்னுதுதான். திங்கக்கெழம சாவி குடுக்க நான்தான் கிழிச்சேன். அதுவரைக்கும் அப்படியே இருந்துச்சுங்க. இந்தம்மா மேல தப்பு இல்லீங்க. நான்... நான் பயந்துட்டேங்க."

முதலாளி அன்று ரயிலுக்குப் போகவில்லை. முள்ளைத் தம் வாட்சுக்குச் சரியாக வைத்தார். பூட்டினார். சாவியைத் தம் பையில் போட்டுக்கொண்டு மூன்று நாள் ஊரிலேயே தங்கினார். நாற்காலியை எடுத்துக் கடிகாரத்துக்கு எதிரில் போட்டு, காய்ச்சல்காரப் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்காருவது போல உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் சாயங்காலம் அது அவர் வாட்சைவிட ஒரு நிமிஷம் முன்னால் இருந்தது.

"எங்கப்பா பொய் முத்திர குத்துற ஆளு இல்ல," என்றார், யாரிடம் என்றில்லாமல்.

பிறகு கதவைத் திறந்தார். அரக்கைப் பெயர்க்கக் கூர்மையாக ஏதாவது வேண்டியிருந்தது. மேஜை இழுப்பறையைத் துழாவினார். கையில் வந்தது அம்மாவின் கொண்டை ஊசி. ஒரு கணம் அதைப் பார்த்தார். அதனாலேயே தம் அப்பாவின் அரக்கைச் சுரண்டினார். சிவப்புத் தூள் தரையில் உதிர்ந்தது. திருகைத் திருப்பிக் குண்டைக் கொஞ்சம் இறக்கினார்.

துடைத்துவிட்டு ஊசியை அம்மாவிடம் நீட்டினார். அதுதான் அவரிடமிருந்து வந்த மன்னிப்பு. அம்மா வாங்கவில்லை.

"ஊசி வேணாங்க. சாவியக் குடுங்க. மணி அடிக்கிறவகிட்டதான் கடியாரச் சாவி இருக்கணும்."

மேஸ்திரி இருமினார். முதலாளி சாவியைக் கொடுத்தார்.

இத்தனை காலம் இந்தக் கதையை நான் "கடியாரம் கெட்டுப்போனது" என்றுதான் நினைத்து வைத்திருந்தேன். போன மாதம் பக்கத்து வீட்டு டீச்சரிடம் சொன்னேன். அவரும் நம் செட்டுதான், என்னைவிட இரண்டு வயது இளையவர். பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் எடுத்து ஓய்வு பெற்றவர். கேட்டுக்கொண்டே வந்தவர், "ஊட்டியிலேர்ந்தா வந்துச்சு?" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஆமாம்."

"அக்கா, அது கெட்டுப்போகல. பூமி எல்லாத்தையும் கீழ இழுக்குது இல்ல? அந்த இழுப்புலதான் குண்டே ஆடுது. மலை மேல போனா இழுப்பு ஒரு துளி கொறயும், குண்டு சோம்பலா ஆடும். கீழ வந்தா இழுப்பு ஒரு துளி கூடும், வெரசா ஆடும். ஒரு நாளைக்குக் கால் நிமிஷம், முன்னப்பின்ன."

"அப்ப அவரு வாட்சு மட்டும் ஏன் மாறல?"

"அத ஆட்டுறது சுருள்கம்பி. அதுக்கு மலையும் ஒண்ணுதான், தரையும் ஒண்ணுதான். ஊட்டிக்குப் போனா நீங்ககூட கொஞ்சம் எடை கொறஞ்சிடுவீங்க."

"மூச்சு வாங்கியே கொறஞ்சிடுவேன்," என்றேன்.

சிரித்தோம். ஆனால் அவர் போன பிறகு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அப்படியென்றால் அந்தப் பெரியவர் வைத்த அரக்கு சரி. அந்த மலைக்குச் சரி. கடிகாரமும் சரி. முதலாளி அப்பாவை நம்பியதும் தப்பில்லை. மேஸ்திரி சொன்னதுகூடப் பயத்தில் வந்த சந்தேகம். குண்டு ஆடுவது பெட்டிக்கு உள்ளே, அதை இழுத்தது பெட்டிக்கு வெளியே. நாங்கள் எல்லோரும் பெட்டியைச் சுற்றி நின்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அந்தத் தளஓடு வெகுகாலம் எங்கள் தண்ணீர்ப் பானைக்கு மூடியாக இருந்தது. கரிக்கோடு ஈரத்தில் அழிந்து, பிறகு ஓடும் ஒரு நாள் கைதவறி உடைந்தது. அம்மா கண்ணை மூடுகிற வரை கொண்டை ஊசி வைக்கவில்லை.

சாவி கைக்கு வந்த அன்று சாயங்காலம் நடந்ததைச் சொல்லி முடித்துவிடுகிறேன். ஐந்து மணி அடித்துவிட்டு அம்மா வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, சாவியை முந்தானையில் முடிந்துகொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். முதுகில் ஒன்று வைப்பாளா, கட்டிக்கொள்வாளா என்று தெரியவில்லை. இரண்டும் செய்யவில்லை. முடிச்சை இறுக்கிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

"இந்தக் கோடெல்லாம் எனக்காகப் போட்டியா, உனக்காகப் போட்டியா?"

"உனக்காகத்தாம்மா," என்றேன்.

அவள் திரும்பி என் கண்ணைப் பார்த்தாள். பிறகு முடிச்சை இன்னொரு தடவை இறுக்கிவிட்டு, எழுந்து துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போனாள். அந்தக் கோடையில் அந்தப் பட்டறையில் தெரிந்தே பொய் சொன்னது நான் ஒருத்திதான்.